நீண்ட ரயில் பயணத்துக்குக் கிண்டிலா, டேப்லெட்டா?

வழிப்போக்கன்:
கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் வரை விவேக் எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் வகுப்பு. போய்ச் சேரவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். கையில் ஆறு இபப் நூல்கள் (எழுத்தளவை மாற்றிக்கொள்ளக்கூடிய மின்னூல்கள்), நாலு ஸ்கேன் பிடிஎஃப் இருக்கின்றன. பிடிஎஃப் எல்லாம் பழைய டெம்மி அளவுப் புத்தகங்கள். புது கிண்டில் பேப்பர்வொயிட், ஐபேட் மினி இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். எது சரி?

கரிசல்வெயில்:
பேப்பர்வொயிட்தான். அது 211 கிராம், ஐபேட் மினி 293. அப்பர் பெர்த்தில் மல்லாந்து படுத்து ஒரு கையில் பிடித்துப் படிக்கும்போது அந்த 80 கிராம் நன்றாகவே தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் வெளிச்சம். பேப்பர்வொயிட்டின் ஈ-இங்க் (மின்மை) திரையில் கருப்பு வெள்ளைத் துகள்கள் மேலே விழும் ஒளியில்தான் தெரிகின்றன. ஜன்னலோர வெயிலில் எழுத்து இன்னும் பளிச்சென்று நிற்கும். டேப்லெட் வெயிலோடு போட்டி போட வேண்டும். பிரைட்னஸை முழுக்க ஏற்றினால் சூடாகும், 10 மணி நேர பேட்டரியும் அவ்வளவு தாங்காது. ஸ்லீப்பரில் ஒரு சார்ஜிங் பாயின்டுக்குப் பல கைகள் நீளும். இரவு 11 முதல் காலை 5 வரை அதிலும் மின்சாரத்தை நிறுத்துகிற வழக்கம் உண்டு.

ஏட்டுப்புழு:
கரிசல் சார், வெயில் விஷயத்தில் மறுப்பில்லை. பேட்டரிக் கணக்கை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவோம். கிண்டில் விளம்பரத்தில் வரும் ‘12 வாரம்’ பேட்டரி ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படிப்பவருக்கு, அதுவும் வைஃபையை அணைத்து, திரை விளக்கின் அளவை 13இல் வைத்தால். மொத்தம் 42 மணி நேரம். ரயிலில் தினம் எட்டு மணி நேரம் படித்தால் ஐந்து நாள் வரும். போக ஒரு சார்ஜ் போதும், திரும்பி வரப் போதாது. சூட்டைப் பொறுத்தவரை இரண்டையுமே சுற்றுவெப்பம் 35 டிகிரி வரைதான் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

ஆனால் வழிப்போக்கன் கேட்டதில் முடிவு செய்ய வேண்டியது அந்த நாலு பிடிஎஃப்தான். டெம்மி பக்கம் 14 × 21.5 செ.மீ. பேப்பர்வொயிட்டின் 7 அங்குலத் திரை உயரம் 14 செ.மீ.க்குச் சற்று மேல். முழுப் பக்கத்தையும் காட்டினால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கி, 11 பாயின்ட் எழுத்து 7 பாயின்ட் ஆகிவிடும். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி முதலில் காணாமல் போகும். பிறகு ‘ன’, ‘ண’ இரண்டும் ஒன்றாகத் தெரியும். தாள் மஞ்சளேறிய ஸ்கேன் என்றால் 16 சாம்பல் நிலை மட்டுமே உள்ள திரையில் பின்னணியும் கருத்துவிடும். ஐபேட் மினியின் திரை உயரம் 17.7 செ.மீ. ஓரத்தை வெட்டிவிட்டால் அச்சுப் புத்தகத்தின் எழுத்து அளவே ஏறக்குறையக் கிடைத்துவிடும்.

கரிசல்வெயில்:
ஓரம் வெட்டுவதைக் கிண்டிலுக்கும் செய்யலாமே. பிரிஸ் என்ற இலவச மென்பொருளில் ஒற்றைப்படைப் பக்கத்துக்கும் இரட்டைப்படைப் பக்கத்துக்கும் தனித்தனியாகக் கட்டம் போட்டு வெட்டுங்கள். எழுத்து 80 சதவீதம் அளவுக்கு வந்துவிடும். அதுவும் சிறிதென்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருள். ஒவ்வொரு சொல்லையும் படமாக வெட்டித் திரை அகலத்துக்கு மறுபடி அடுக்கும். படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் ஓசிஆர் தேவையில்லாததால் தமிழுக்கும் வேலை செய்யும். மஞ்சள் பின்னணிக்கு ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் கருப்பு-வெள்ளையாக மாற்றினால் போதும்.

ஏட்டுப்புழு:
உரைநடைக்குச் சரி. செய்யுள் என்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் அடிகளை ஒன்றோடொன்று ஒட்டி ஓடவிட்டுவிடும். எங்கே அடி முடிகிறது என்றே தெரியாது. ஸ்கேன் கொஞ்சம் சாய்ந்திருந்தால் மேல்விலங்கு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் விழும். சொல் அடுக்குவதை நிறுத்திவிட்டு அகலத்துக்குப் பொருத்தும் முறையில் போடலாம். அப்போது திரையைப் படுக்கையாகத் திருப்பி, ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துப் படிக்க வேண்டும். அடிக்குறிப்பைப் பார்க்க ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் தட்டுவது படிப்பையே கெடுக்கும்.

நூலகவாசி:
இருவரும் சொல்லாத ஒன்று. ஈ-இங்க் திரைக்குள் இருக்கும் மெல்லிய கண்ணாடி அழுத்தம் தாங்காது. பையில் சார்ஜரோ தண்ணீர் பாட்டிலோ அதன்மேல் அழுந்தினால் வெளிக்கீறல் இல்லாமலே உள்ளே உடையும். திரையில் ஒரு பகுதி மட்டும் பழைய படத்தோடு உறைந்து நிற்கும். திரை மாற்றும் செலவுக்குப் புதுசே வாங்கிவிடலாம். எனவே கெட்டியான மூடியுள்ள உறை போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள், தலையணைக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

எது வாங்கினாலும் இபப்களைக் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் திறந்து, மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் இருந்தால் தமிழ் என்று மாற்றிவிடுங்கள். கிண்டில் அதைப் பார்த்துத்தான் எழுத்துருப் பட்டியலைக் காட்டுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் உருவான கோப்பை இபப் ஆக்கினால் ரோமன் எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் வீட்டிலேயே இறக்கி, விமானப் பயன்முறையில் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். வழியில் சிக்னலை நம்ப முடியாது.

வழிப்போக்கன்:
பிடிஎஃப் நாலில் மூன்று செய்யுளும் உரையும். ஒன்றுதான் கட்டுரை.

கரிசல்வெயில்:
அப்படியானாலும் என் வாக்கு கிண்டிலுக்கே. ஆறு இபப் மூன்று நாளுக்குத் தாராளம். செய்யுளை வீட்டில் மேசையில் வைத்துப் படிக்கலாம்.

ஏட்டுப்புழு:
கொண்டுபோக நினைப்பதே அந்த நூல்களைத்தான் என்றால் ஐபேட் மினி வாங்குங்கள், கூடவே 20,000 எம்ஏஎச் பவர் பேங்க். அது 74 வாட்-மணி. இழப்பு போக 45க்கு மேல் கிடைக்கும், மினியின் பேட்டரி 19.3. இரண்டு முழு சார்ஜ் உறுதி, மொத்தம் முப்பது மணி நேரம் அளவுக்குப் படிக்கலாம். திரும்பும்போது விமானம் என்றால் 100 வாட்-மணி வரம்புக்குள்தான் வருகிறது. ஆனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் போட விடமாட்டார்கள்.