சின்னவனுக்குக் கொமடித் தொடர் எழுத ஆசை

குழு: உவர்மலைக் குடும்பம்

சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். சின்னவனின் உயர்தரப் பரீட்சை முடிவு வந்தது தெரியும்தானே. கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு. ஆனால் இப்போது கொமடித் தொடர் எழுதப் போகிறானாம். யாராவது பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அம்மா: முதலில் பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லுவோம். கெட்டிக்காரன்!

கனடா அண்ணா: வாழ்த்துகள் சின்னவன். வேலையில் நிற்கிறேன், மிச்சத்தைப் பிறகு வாசிக்கிறேன்.

சின்னவன்: நன்றி பெரியம்மா, நன்றி அண்ணா. அப்பா, பொறியியல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எழுதவும் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மாமி: இந்த ஆசை எப்போது வந்தது ராசா?

சின்னவன்: நீங்கள் வாங்கித் தந்த மிஸ்டர் பீன் சீடியில் வந்தது மாமி. அம்மம்மாவுக்கும் இங்கிலீஷ் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரிப்போம். வான்கோழிக்குள் தலை மாட்டிக்கொள்கிற கட்டம் ஞாபகம் இருக்கிறதா? சும்மா போய்த் தலையை விடவில்லை. கைக்கடிகாரம் உள்ளே விழுந்துவிட்டது, அதைத் தேடித்தான் விடுகிறார். அந்தக் காரணம் இல்லையென்றால் பகிடி இல்லை. இதை யார் யோசித்திருப்பார்கள் என்று அன்றிலிருந்தே யோசிக்கிறேன்.

நான்: சித்தப்பா, அந்த மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் மின் பொறியியல் படித்தவர். முதலில் நியூகாசில், பிறகு ஒக்ஸ்போர்ட். ஒக்ஸ்போர்டில் படிக்கும்போதே அந்தப் பாத்திரத்தை உருவாக்கத் தொடங்கிவிட்டார். தொடர் 1990இல் ஆரம்பித்தது, மொத்தமே 15 எபிசோட்தான். அதையும் தனியாக எழுதவில்லை, ரிச்சர்ட் கேர்ட்டிஸ், ரொபின் டிரிஸ்கொல் போன்றவர்களோடு இருந்து எழுதினார்.

சித்தப்பா: அவருக்கு லண்டன் இருந்தது பிள்ளை. இங்கே என்ன இருக்கிறது?

மாமி: தம்பி, நான் கொஞ்சம் சொல்லட்டுமா. நான் இங்கிலீஷ் ரீச்சர் ஆனதே ஒரு கொமடித் தொடரால்தான். மைண்ட் யுவர் லாங்குவேஜ். வெளிநாட்டுக்காரர்களுக்கு மிஸ்டர் பிரவுன் என்ற வாத்தியார் இரவு வகுப்பு எடுப்பாரே, அது. பள்ளியில் இங்கிலீஷ் பாடம் என்றாலே எனக்கு வாய் வராது. அந்த வகுப்பில் ஒவ்வொருத்தரும் பிழை பிழையாகப் பேசினார்கள், ஆனால் அடுத்த நாளும் வந்தார்கள். பிழை விட்டாலும் பிள்ளைகள் திரும்பி வருகிற வகுப்பு ஒன்று நான் வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

அம்மா: உண்மை. உங்கள் வகுப்புக்குப் போகப் பிள்ளைகள் அழுததே இல்லை.

மாமி: இன்னொன்றும் இருக்கிறது தம்பி. கரண்ட் இல்லாத நாட்களில் கார் பட்டரியில் ரிவி போட்டது யார்? கூரையில் ஏறி அன்ரெனாவைத் திருப்பித் திருப்பி "இப்ப வருதா, இப்ப வருதா" என்று கத்தினது யார்? நான் வாத்தியாரைப் பார்த்தேன். நீ படம் எப்படி வருகிறது என்று பார்த்தாய். இன்று ரிவி திருத்துகிற கடை உன்னுடையது.

சித்தப்பா: அது வேறு அக்கா. அது தொழில்.

நான்: அன்று அதையும் அப்பம்மா விளையாட்டு என்றுதானே ஏசினா சித்தப்பா.

அம்மா: இடையில் ஒரு விஷயம். நாளைக்கு யாராவது சந்தைக்குப் போனால் எனக்கும் பாரை மீன் வாங்கி வாருங்கள்.

நான்: சரி அம்மா, நான் போகிறேன்.

நான்: சித்தப்பா, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கோயில் திருவிழா மேடைக்கு நாடகம் எழுதுகிறேனே, அதை எனக்குக் கற்றுத் தந்தது அப்பா கொண்டுவந்த லூசி கசெட். ஐ லவ் லூசி என்ற பழைய அமெரிக்கக் கொமடித் தொடரில் சொக்லட் தொழிற்சாலைக் கட்டம் ஒன்று இருக்கிறது, 1952இல் எடுத்தது. லூசியும் தோழி எத்தலும் பெல்டில் வருகிற சொக்லட்டைத் தாளில் சுற்ற வேண்டும். ஒன்று சுற்றாமல் போனாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டுப் போகிறா. பெல்ட் வேகம் கூடுகிறது. இருவரும் சமாளிக்க முடியாமல் வாயில், தொப்பியில், சட்டைக்குள் எல்லாம் சொக்லட்டை ஒளிக்கிறார்கள். மேற்பார்வைக்காரி திரும்பி வந்து பார்த்தால் பெல்ட் வெறுமையாக இருக்கிறது. நன்றாகச் செய்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் வேகமாக விடச் சொல்கிறா! அவர்கள் ஒளித்ததே அவர்களுக்கு வினையாகிவிட்டது. சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்தேன். வளர்ந்த பிறகு, அந்த ஒரு கட்டத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் நாடகம் கட்டப் பழகினேன்.

நான்: அதைவிடப் பெரிய விஷயம், அந்தத் தொடரை எடுத்த விதம். 1951இல் தொடங்கும்போது நியூயோர்க்கில் இருந்து நேரடியாக ஒளிபரப்பத்தான் தொலைக்காட்சிக்காரர்கள் கேட்டார்கள். லூசியாக நடித்த லூசில் போலும் கணவர் டெசி ஆர்னாஸும் ஹொலிவூட்டை விட்டு வர மாட்டோம் என்று நின்றார்கள். பார்வையாளர்களை முன்னால் இருத்தி, மூன்று கமராவில் பிலிமில் எடுத்தார்கள். செலவு கூடியதால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், ஆனால் பதிலுக்கு எபிசோட்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். பிலிமில் இருந்ததால்தான் திரும்பத் திரும்பப் போட முடிந்தது. 1962இல் இருந்து, இருவரும் தொடங்கிய டெசிலு ஸ்டூடியோவையே லூசில் போல் தனியாக நடத்தினா. சின்னவனிடம் நான் பார்க்க ஆசைப்படுவது இதைத்தான். சிரிக்க வைத்தால் மட்டும் போதாது, செய்கிற முறையும் அவன் கையில் இருக்க வேண்டும். பொறியியல் படிக்கிற மூளை அதற்கு நல்ல மூளை.

சின்னவன்: மூன்று கமரா என்றால் மூன்று போன் அக்கா. அது எங்களிடமே இருக்கிறது. இடமும் யோசித்து வைத்திருக்கிறேன். கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோகொப்பிக் கடை. வாராவாரம் அதே கடை, அதே முதலாளி, அதே பழுதான மெஷின். மூதூரில் இருந்து ஒருவர் வருவார், கந்தளாயில் இருந்து ஒருவர் வருவார், நிலாவெளியில் இருந்து ஒருவர் வருவார். எல்லோருக்கும் படிவம் நிரப்ப வேண்டும்.

மாமி: அருமை! ஆனால் ஒன்று சொல்லவேண்டும், கோபிக்காதே. மைண்ட் யுவர் லாங்குவேஜ் எனக்கு வழி காட்டியதுதான். ஆனால் இப்போது போட்டால் சில இடங்களில் எழுந்து போய்விடுவேன். இந்த நாட்டுக்காரன் இப்படித்தான், அந்த நாட்டுக்காரி அப்படித்தான் என்று பகிடி பண்ணும். எங்கள் ஊரில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே கடை வாசலில் வரிசையில் நிற்கிறோம். ஒருவரின் பேச்சுத் தமிழைப் பார்த்தோ, உடைந்த சிங்களத்தைப் பார்த்தோ சிரிக்க வைத்தால் அந்த ஆள் மறுபடி உன் தொடரைப் பார்க்க மாட்டார். படிவத்தைப் பார்த்துச் சிரிக்க வை. ஒரே பெயரை நாலு இடத்தில் நாலு விதமாக எழுதச் சொல்கிற படிவம் மூன்று பேரையும் ஒரே மாதிரித்தான் அலைக்கழிக்கும்.

சின்னவன்: மாமி, இதை அப்படியே முதல் எபிசோடில் வைக்கிறேன். மூன்று பேரும் ஒரே பேனைக்குச் சண்டை பிடித்து, கடைசியில் ஒருவர் படிவத்தை மற்றவர் நிரப்புகிறார்கள்.

நான்: அப்படியானால் ஏன் ஒரு பேனைதான் இருக்கிறது என்பதற்கு முதலே காரணம் வை. உன் கைக்கடிகாரம் அதுதான்.

அம்மா: முதலாளி பேனையை நூலில் கட்டி வைத்திருப்பார். எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

சின்னவன்: பெரியம்மா!! எழுதிக்கொண்டேன்.

சித்தப்பா: எல்லாம் வாசித்தேன். பல்கலைக்கழக விண்ணப்பம் முதலில் போக வேண்டும், அதில் மாற்றம் இல்லை.

சின்னவன்: போடுகிறேன் அப்பா. நாளைக்கே உட்காருவோம்.

சித்தப்பா: போனை நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் கடையில் இரண்டு இருக்கிறது. மூன்றாவது செய்து தரலாம். மைக் என்ன செய்யப் போகிறாய்? போன் மைக்கில் மின்விசிறிச் சத்தம்தான் வரும்.

சின்னவன்: அதுதான் அப்பா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டுத்தானே, அங்கேயே எடுத்துப் பார்க்கலாமா?

சித்தப்பா: எடு. மேசையை மட்டும் நகர்த்தாதே, திருத்த வந்த ரிவி அடுக்கியிருக்கிறேன். மைக்குக்கு நான் வயர் இழுத்துத் தருகிறேன்.