மறு: அகச்சிவப்பு யூஎஸ்பி அடாப்டர் – ஒரு பெயர் போதாது, மூன்று வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் லினக்ஸ் கையேட்டின் தமிழாக்கத்துக்காக 'அடாப்டர்' என்பதற்குத் தமிழ் தேடித் தொடங்கிய இந்தக் குழு இழையில் இதுவரை ஏற்பி, தகவி, பொருத்தி, இணக்கி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்குக்கும் ஆதரவு இருக்கிறது. எதை எடுப்பது என்று முடிவு செய்யும் முன் ஒரு கேள்வியை முடித்துக்கொள்ளலாம். நாம் பெயர் வைக்கப்போவது எந்தக் கருவிக்கு?

இணையக் கடைகளில் 'ஐஆர் யூஎஸ்பி அடாப்டர்' (ஐஆர் என்றால் அகச்சிவப்பு) என்று தேடினால் மூன்று வகைக் கருவிகள் கலந்து வருகின்றன. பழைய கைபேசி, கையடக்கக் கணினி போன்றவற்றோடு ஐஆர்டிஏ என்ற குறுந்தூர அகச்சிவப்புத் தரமுறையில் தரவு பரிமாறிக்கொள்ளும் கருவி ஒன்று. டிவி ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதைக் கணினிக்குச் சொல்லும் கருவி இன்னொன்று. மூன்றாவது, மின்சார மீட்டரின் முகப்பில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு ரீடிங் எடுக்கும் வட்டக் கருவி. மூன்றும் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் பேசுகின்றன, மூன்றையும் யூஎஸ்பியில் செருகுகிறோம். ஒற்றுமை அவ்வளவுதான். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

ஏன் செய்யாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பெயருக்கான அடிப்படை அங்கேதான் இருக்கிறது.

டிவி ரிமோட்டின் ஒளி சும்மா எரிந்து அணைவதில்லை. நொடிக்கு 36,000 முதல் 40,000 முறை வரை துடிக்கிறது. பெரும்பாலான ரிமோட்டுகளில் 38,000. அந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பித்தான் அது செய்தி சொல்கிறது. பல ரிமோட்டுகள் பின்பற்றும் என்இசி என்ற குறிமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தியதும் முதலில் 9 மில்லிவிநாடி துடிப்பு, அப்புறம் 4.5 மில்லிவிநாடி அமைதி, அதற்குப் பிறகுதான் எந்தக் கருவிக்கு, எந்தப் பொத்தான் என்ற விவரம். எதிரே இருக்கும் சில்லு அந்தத் துடிப்பு வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, வெயில், டியூப்லைட் என்று மற்ற வெளிச்சத்தையெல்லாம் தள்ளிவிடுகிறது. அறையின் மறுகோடியில் சாய்ந்து உட்கார்ந்து அழுத்தினாலும் வேலை செய்வது அதனால்தான்.

ஐஆர்டிஏவில் அப்படியொரு துடிப்பு கிடையாது. ஒரு பிட்டுக்குரிய நேரத்தில் பதினாறில் மூன்று பங்கு மட்டும் ஒளிர்ந்து அணைகிறது. 115.2 கிலோபிட் வேகத்தில் கணக்குப் போட்டால் அது 1.63 மைக்ரோவிநாடி. ரிமோட்டுக்கென்று செய்த சில்லுக்கு இது வெறும் இரைச்சல். ஒரு மீட்டர் தூரத்துக்குள், ஏறக்குறைய நேருக்கு நேர் வைத்தால்தான் இரண்டு ஐஆர்டிஏ கருவிகள் பேசிக்கொள்ளும். அதுவும் ஒன்று பேசும்போது மற்றது கேட்க வேண்டும். தன் ஒளியே தன் கண்ணை மறைத்துவிடுவதால் இரண்டும் ஒரே நேரத்தில் பேச முடியாது.

மீட்டர் கருவி இவற்றைவிட எளியது. மீட்டர்களுக்கான ஐஇசி 62056-21 என்ற சர்வதேசத் தரமுறையில் நொடிக்கு 300 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் பேச்சு தொடங்குகிறது. பழைய சீரியல் போர்ட்டில் கம்பி வழியே போனது இங்கே ஒளி வழியே போகிறது, வேறொன்றுமில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இந்த மூன்றையும் மூன்று வீட்டில் வைத்திருந்ததைப் பாருங்கள். ஐஆர்டிஏவுக்கு இடம் நெட்வொர்க் பிரிவில் இருந்தது. கருவி 'ஐஆர்டிஏ0' என்ற பிணைய இடைமுகமாகத் தெரியும். ரிமோட் கருவிக்கு இடம் மீடியா பிரிவில். அது 'லிர்க்0' என்றும், விசைப்பலகை போன்ற ஓர் உள்ளீட்டுக் கருவியாகவும் வரும். மீட்டர் கருவி யூஎஸ்பி சீரியல் பிரிவில், 'டிடிஒய்யூஎஸ்பி0' என்ற பெயரில். எழுதியவர்களே இவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்கும்போது கையேட்டில் நாம் ஏன் ஒன்றாகக் குழைக்க வேண்டும்?

குழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கிலக் கையேடுகளே சாட்சி. 'ஐஆர்டிஏ-யூஎஸ்பி' என்று ஒரு இயக்கி (டிரைவர்), 'ஐஆர்-யூஎஸ்பி' என்று இன்னொரு இயக்கி. முதல் இயக்கி கருவியைப் பிணைய இடைமுகமாக ஆக்கும், இரண்டாவது இயக்கி அதே கருவியைச் சீரியல் போர்ட்டாக ஆக்கும். இரண்டும் ஒரே கருவியைப் பிடிக்கப் பாய்வதால், ஒன்றைத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பயன்படுத்த முடியும் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. ரிமோட் கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஐஆர்டிஏ கருவிக்கான 'ஐஆர்அட்டாச்' கட்டளை ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களை எல்லாக் குழுக்களிலும் பார்க்கிறோம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கருவியின் பெட்டியில் 'ஐஆர் அடாப்டர்', கையேட்டுப் பக்கத்தின் தலைப்பிலும் 'ஐஆர் அடாப்டர்'. யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐஆர்டிஏ குடும்பம் முழுவதையும் கெர்னல் 4.14-ல் ஸ்டேஜிங் என்ற தற்காலிகப் பிரிவுக்குத் தள்ளி, 2018-ல் வந்த 4.17-ல் எடுத்தே விட்டார்கள். இன்றைக்கு ஐஆர்டிஏ கருவியைச் செருகுபவருக்குக் கையேடு சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான்: உங்கள் கெர்னலில் இதற்கு இயக்கி இல்லை, பழைய கெர்னலோ வெளியிலிருந்து கட்டிய மாட்யூலோ வேண்டும். ரிமோட் கருவியை வைத்திருப்பவர் அதைப் படித்துவிட்டு, நன்றாக ஓடும் கருவியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. 2010 தொடங்கி ரிமோட் சைகைகளை அவிழ்ப்பது கெர்னலுக்குள்ளேயே நடக்கிறது. அந்தப் பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஐஆர்டிஏவை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். கடலில் முக்குளிப்பவர்கள். உவாடெக் ஸ்மார்ட், ஸ்கூபாப்ரோ கலிலியோ போன்ற முக்குளிப்புக் கணினிகள் நீருக்கடியில் பதிந்த ஆழ விவரத்தை ஐஆர்டிஏ வழியாகத்தான் வெளியே தருகின்றன. லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ல் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்ற திறமூல மென்பொருள் இப்படிப்பட்ட முக்குளிப்புக் கணினிகளிலிருந்து தரவை இறக்கிப் பதிவேடாக வைத்துக்கொள்வதற்கானது. ஆக, செத்துப்போன கருவிக்குச் சொல் தேடுகிறோம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, சொற்களுக்கு வருகிறேன். இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'ஏற்பி' என்பதே போதும். சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிரியலில் ஏற்பி என்பது வேறு பொருளில் ஊன்றிவிட்டது. அதைவிட முக்கியமாக, ஏற்பது என்றால் ஒருபக்கமாக வாங்கிக்கொள்வது. ஐஆர்டிஏ கருவி வாங்கவும் செய்கிறது, கொடுக்கவும் செய்கிறது. 'பொருத்தி', 'இணக்கி' இரண்டும் மின்செருகியின் வடிவத்தை மாற்றும் துண்டுக்கு நன்றாகப் பொருந்தும், இங்கே கருவியின் வேலையைச் சொல்லவில்லை. 'தகவி' எனக்குப் பிடித்த சொல். பொதுவான 'அடாப்டர்' என்பதற்கு அதையே வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்று கருவிகளின் பெயரில் மட்டும் அது வர வேண்டாம் என்கிறேன்.

ஐஆர்டிஏ கருவிக்கு 'அகச்சிவப்புப் பரிமாறி'. தரவுப் பரிமாற்றம் என்று ஏற்கெனவே எல்லாரும் எழுதுகிறோம், அதைச் செய்வது பரிமாறி. மாறி மாறிப் பேசும் அதன் இயல்பும் சொல்லிலேயே இருக்கிறது. பந்தியில் பரிமாறுவது நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லலாம். வரட்டும், அதனால் பொருள் மயங்கப்போவதில்லை.

ரிமோட் கருவிக்கு 'அகச்சிவப்பு வாங்கி'. ஒலிவாங்கி என்பதை மைக்குக்குத் தயக்கமில்லாமல் சொல்கிறோம், அதே அமைப்பு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடையே இல்லை. சில கருவிகளில் ரிமோட்டைப் போலவே ஒளி அனுப்பும் கம்பி செருகவும் துளை இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. அந்தத் துளையைத் தனியாக 'அனுப்பி' என்று குறித்தால் போதும். கருவியின் முதல் வேலை வாங்குவதுதான்.

> 'அகச்சிவப்பு' தவறு. இலங்கையில் 'செந்நிறக்கீழ்' என்கிறோம், அதுவே சரி.

இலங்கை நண்பர் எழுதியதில் உண்மை இருக்கிறது. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தில் பிரிந்த வண்ணங்களில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்பைத் தாண்டி, நிறமே தெரியாத இடத்தில் வெப்பம் கூடியது. அந்த ஒளியின் அதிர்வெண் சிவப்புக்குக் கீழே இருக்கிறது. 'கீழ்' என்பதில் அந்த இயற்பியல் நேராக வருகிறது. 'அக' என்பதில் வரவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் படித்தவர்கள் பள்ளிக்கூடத்திலேயே அகச்சிவப்பு, புற ஊதா என்று மனப்பாடம் செய்தவர்கள். கையேட்டில் திடீரென்று 'செந்நிறக்கீழ்' என்று வந்தால் வேறேதோ என்று நினைப்பார்கள். இலங்கைப் பிள்ளைகளுக்கு 'அகச்சிவப்பு' அதே அளவு அந்நியம். நல்லவேளையாக, இயங்குதளத்தில் 'டிஏ-ஐஎன்' (இந்தியா), 'டிஏ-எல்கே' (இலங்கை) என்று இரண்டு தமிழ் வட்டார அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. முதலாவதில் அகச்சிவப்பு, இரண்டாவதில் செந்நிறக்கீழ். பரிமாறி, வாங்கி இரண்டும் எதோடும் ஒட்டும். ஒரு பக்கத்தை மற்றவர் சொல்லுக்கு இழுப்பதைவிட இது மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

வினைச்சொற்களை இதுவரை யாரும் தொடவில்லை. பெயரைவிட அங்கேதான் சிக்கல் அதிகம். இப்போதைய வரைவில் நான்கு இடத்தில் 'இணை' என்று இருக்கிறது: யூஎஸ்பியில் இணைக்கவும், இடைமுகத்தை இணைக்கவும், எதிர்க்கருவியை இணைக்கவும், இணைந்ததா என்று பார்க்கவும். படிப்பவர் எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்று அவருக்கே தெரியாமல் போகும். நான் இப்படிப் பிரிக்கிறேன். கருவியைத் துளையில் நுழைப்பது 'செருகு'. 'ஐஆர்அட்டாச்' செய்வது 'பிணை'. கருவியை அது பிணையத்துக்குள்தானே கொண்டுவந்து கட்டுகிறது, அதனால் வேர்ச்சொல்லும் ஒத்துப்போகிறது. முதலில் 'பூட்டு' நன்றாக இருக்குமே என்று தோன்றும், ஆனால் திரையைப் பூட்டுவதற்கு அது போய்விட்டது. எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது 'தேடு'. கடைசியில், இரண்டு கருவிகளும் பேசத் தொடங்குவதற்கு மட்டும் 'இணை'.

இந்தப் பிரிவு பழுது பார்க்கவும் உதவும். ஐஆர்டிஏ பேச்சைத் திரையில் வரிவரியாகக் காட்டும் 'ஐஆர்டிஏடம்ப்' கட்டளையை ஓடவிட்டால், பிணைத்தது சரியாக இருக்கும்பட்சத்தில், மூன்று விநாடிக்கு ஒருமுறை தேடல் வரிகள் கொத்தாக வந்துகொண்டிருக்கும். எதிரே கருவியை வைத்ததும் அந்தக் கொத்துக்கு நடுவில் ஒரு பதில் வரி நுழையும், அதில் எதிர்க்கருவியின் பெயர் இருக்கும். வரிகளே ஓடவில்லை என்றால் பிணைப்பில் கோளாறு. வரிகள் ஓடியும் பதில் இல்லை என்றால் தூரமோ கோணமோ சரியில்லை. "இணைக்க முடியவில்லை" என்ற ஒரே வாக்கியத்தில் இந்த இரண்டையும் அடக்கினால் அவர் எதைத் திருத்துவார்?

வாங்கிக்கும் இதேபோல ஒரு சோதனையைக் கையேட்டில் சேர்த்திருக்கிறேன். ரிமோட்டைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகளின் திரையில் ரிமோட்டின் முனை வெளிர் ஊதாவாக மினுக்கும். மினுக்கினால் ரிமோட் நலம். அப்புறம் 'ஐஆர்-கீடேபிள்' கட்டளையில் சோதனை முறையைத் தொடங்கி, பொத்தானுக்கு எண் வருகிறதா என்று பார்க்கலாம். எண் வராவிட்டால் நெறிமுறை மாறியிருக்கும். என்இசி, ஆர்சி-5, ஆர்சி-6 என்று ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

கருவி எந்த வகை என்று முதலிலேயே தெரிந்துகொள்ள யூஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை தரும் வரியைப் பார்க்கும்படி முதல் பக்கத்தில் போட்டுவிடலாம். 9710:7780 என்று வந்தால் மாஸ்சிப் நிறுவனச் சில்லு, அது பரிமாறி. 'ஈஹோம்' என்ற சொல் தெரிந்தால் அது வாங்கி.

மூன்றாவது கருவிக்குத்தான் எனக்கு மனநிறைவான சொல் கிடைக்கவில்லை. 'வாசிப்பான்' என்றால் 'அவன் வாசிப்பான்' என்று படிக்க இடமிருக்கிறது. 'மீட்டர் கண்' அழகாக இருந்தாலும் கண் பார்க்க மட்டும்தான் செய்யும், இந்தக் கருவியோ முதலில் தானே ஒரு கேள்வியை அனுப்பி மீட்டரை எழுப்ப வேண்டும். காந்தத்தால் ஒட்டுவதை வைத்து 'மீட்டர் ஒட்டி' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். 'ஒட்டி'யை 'ஓட்டி' என்று தட்டச்சு செய்துவிட்டால் இயக்கியோடு குழம்பும் என்பது ஒரு குறை. மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் பணியில் இருப்பவர்கள் யாரையாவது தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால், அவர்கள் வாயில் இதற்கு என்ன பெயர் வழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள். தினமும் கையில் எடுப்பவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். அதுவரை மொழிபெயர்ப்பு வரிகள் உள்ள பிஓ கோப்பில் அந்த வரிகளை, இன்னும் முடிவாகவில்லை என்று காட்டும் 'ஃபஸ்ஸி' குறியோடு விட்டுவைக்கிறேன். மற்றவற்றை மறுப்பு வராவிட்டால் அடுத்த வெளியீட்டுக்கு ஏற்றிவிடலாம்.

அன்புடன்.