ஏற்காட்டுச் சரிவில் 40,000 சதுர அடி: பாதி டிராயிங்கோடு இறங்கலாமா?

சரிவுமனை:
ஏற்காட்டில் சரிவான மனை. நாலு பிளாக்காக விடுதி, மொத்தம் 40,000 சதுர அடி. டிசைன் பாதிதான் முடிந்திருக்கிறது. ஜனவரியில் மண் வெட்ட ஆரம்பித்து, மீதி டிராயிங்கைப் போகப்போக வாங்கிக்கலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரிவருமா?

மட்டக்கோல்:
வராது சார். வெட்டிய சரிவு டிராயிங்குக்காகச் சும்மா நிற்கும், மே மாதக் கோடை மழையில் சரியும். ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி, மண் பரிசோதனை, தாங்குசுவர் டிசைன் மூன்றும் கையில் இருந்தால்தான் ஜேசிபியைக் கூப்பிடணும். வெட்டும்போதும் ஒரேயடியாக வேண்டாம். 3 மீட்டர் நீளத்துக்கு வெட்டி, பக்கத்து 3 மீட்டரை விட்டுவிட்டு, சுவர் எழும்பியபின் விட்டதை வெட்டுங்க.

கம்பிக்கட்டு:
இன்னொரு காரணம் கம்பி. 20 கொண்டை ஊசி வளைவில் 12 மீட்டர் கம்பியை நேராக ஏற்ற முடியாது. மடித்து ஏற்றினால், நிமிர்த்திய இடம் பலவீனம். 6 மீட்டராக வெட்டினால் கூடுதல் ஜாயின்ட்: எம்25 தரக் கான்கிரீட்டில் 16 மி.மீ. எஃப்இ500 ரகக் கம்பிக்கு ஒவ்வொரு லேப்பும் (ஒரு கம்பிமேல் இன்னொன்று படியும் நீளம்) சுமார் 80 செ.மீ., அத்தனையும் காசு. சேலத்திலேயே அளவுக்கு வெட்டி, வளைத்து, டேக் போட்டு ஏற்றுவதுதான் வழி. அதற்கு பார் பெண்டிங் ஷெட்யூல் (ஒவ்வொரு கம்பியின் நீளம், வளைவு, எண்ணிக்கைப் பட்டியல்) வேணும், அதற்கு முழு டிராயிங் வேணும்.

ரெடிமிக்ஸ் கான்கிரீட் கீழிருந்து வந்தால், கலக்கியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கணும். இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் போடச் சொல்லுங்க. 6 கன மீட்டர் வண்டியை நிரப்பினால் ஏற்றத்தில் பின்னால் வழியும், நாலரைக்கு மேல் வேண்டாம். 60 கன மீட்டர் ஸ்லாப்புக்கு 10 வண்டி அல்ல, 14 வண்டி. சனி, ஞாயிறும் கோடை விழா நாட்களும் மலைப்பாதை கார்களுக்குத்தான்!

மட்டக்கோல்:
தாங்குசுவரில் தண்ணீர் வடியக் குழாய் மட்டும் வைத்து ஏமாற்றுவாங்க, பார்த்துக்குங்க. சுவரின் பின்னால் 30 செ.மீ. ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி), 1.5 மீட்டருக்கு ஒரு 100 மி.மீ. பிவிசி குழாய் வெளிப்பக்கச் சாய்வில். ஜல்லி இல்லாவிட்டால் முதல் ஐப்பசி மழையிலேயே செம்மண் குழாயை அடைக்கும். 4 மீட்டர் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிறைந்தால், மண்ணின் அழுத்தம் போக, அடியில் சதுர மீட்டருக்கு 4 டன் கூடுதல்.

சரிவுமனை:
நன்றிங்க. கான்கிரீட் மேலே வரும்போது இறுகியிருந்தால் கொஞ்சம் தண்ணி விடலாம்னு சொல்றாங்களே?

கம்பிக்கட்டு:
விடவே கூடாது, பலம் போயிடும். சைட்டில் அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கணும், முடியாட்டி வண்டியைத் திருப்பி அனுப்பணும். பலம் சோதிக்கும் கியூபையும் பிளான்ட்டில் எடுத்ததோடு விடாம, மேலே இறங்குற கலவையில் எடுங்க.