நிறுத்திய வேனுக்குள் வெக்கை தாங்கவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி (கடலூர்):
பழைய டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்பு வைத்து கேம்பர் வேனாக மாற்றியிருக்கிறோம். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் நிறுத்தினால், இந்தக் கத்திரி வெயிலில் ராத்திரி 10 மணிக்குக்கூட உள்ளே கொதிக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கொசு. ஏசி இல்லாமல் வழி இருக்கிறதா?

பதில் (புதுச்சேரி):
அண்ணா, கூரையில் 12 வோல்ட் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். மேலே ஏறும் சூடான காற்றை அது வெளியே தள்ளும், ஆனால் ஃபேனுக்குத் தள்ளி கீழே ஒரு ஜன்னலாவது கொசுவலையோடு திறந்திருக்க வேண்டும், காற்று உள்ளே வர வழியில்லை என்றால் ஃபேன் சுற்றியும் பயனில்லை. 3 ஆம்பியர் இழுத்தாலும் 8 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-அவர்தான், 100 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி தாராளமாகத் தாங்கும்.

பதில் (கடலூர்):
கண்ணாடி மறைப்பை வெளிப்பக்கம் மாட்டுங்கள். உள்ளே மாட்டினால் வெயில் கண்ணாடியைத் தாண்டிவிடும், அப்புறம் அந்தச் சூடு உள்ளேயேதான் நிற்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து வரும், திறந்த ஜன்னல் அந்தப் பக்கம் பார்க்கட்டும். சமையல் வெளியே.

கேள்வி கேட்டவர்:
சரி, சவுக்குத்தோப்பு நிழலில் நிறுத்தலாமா?

பதில் (புதுச்சேரி):
நல்லதுதான், ஆனால் வேன் கூரையில் சோலார் பேனல் வைத்திருந்தால், நிழலில் பேட்டரி சரியாகச் சார்ஜ் ஏறாது. ஒன்று மட்டும் அண்ணா, மூடிய வேனில் குழந்தையையோ நாயையோ ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள்.