மஞ்சள் ஷாக் போட்ட பழைய ஸ்விஃப்ட்: கம்பெனி பாகமா, மாற்றியதா?

சாலைப்பித்தன்:
2014 ஸ்விஃப்ட் விடிஐ (டீசல்) ஒன்றைச் சமீபத்தில் வாங்கினேன். விற்றவர் "சஸ்பென்ஷன் அப்கிரேடு பண்ணின வண்டி சார்" என்று அதற்கும் சேர்த்தே விலை வைத்தார். பில் இல்லை. பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் மஞ்சள், முன்பக்கம் கறுப்பு. வேகத்தடையில் பின்பக்கம் டம்மென்று தூக்கிப் போடுகிறது. நிற்கும்போதும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கிறது. இது பில்ஸ்டீன், கோனி மாதிரி பெரிய பிராண்ட் ஷாக்கா? கழற்றாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

கிரீஸ்கை:
நிறத்தை நம்பாதீர்கள். பில்ஸ்டீன் பி6, பி8, கோனி ஸ்போர்ட் எல்லாமே மஞ்சள்தான். ஆனால் ஸ்ப்ரே பெயின்டும் மஞ்சளில் கிடைக்கிறதே!

ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது) ஷாக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். நல்ல கம்பெனி ஷாக்கில் பெயரும் பார்ட் நம்பரும் ஸ்டிக்கரிலோ உடம்பில் குத்தியோ இருக்கும். ஸ்டிக்கர் உரிந்திருக்கலாம், குத்திய எண் போகாது. அந்த எண்ணைத் தேடினால் எந்த வண்டிக்கான ஷாக் என்று தெரிந்துவிடும். கீழே போல்ட் ஓரம் லேசாகச் சுரண்டியும் பாருங்கள். போல்ட் தலையிலும் ரப்பர் புஷ்ஷிலும் மஞ்சள் சிதறியிருந்தால் அது வண்டியில் வைத்தே அடித்த பெயின்ட்.

ஸ்பிரிங்கில் சிவப்பு, பச்சைக் கோடுகள் இருந்தால் அப்கிரேடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த ரக ஸ்பிரிங் என்று அடையாளம் காண ஃபேக்டரியிலேயே போடுவது அது. சந்தேகம் இருந்தால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஷோரூம் பார்ட்ஸ் கவுன்டரில் உங்கள் வண்டிக்குரிய எண்ணைக் கேளுங்கள். டீசல் இன்ஜின் கனம் கூடுதல் என்பதால் பெட்ரோல் ஸ்விஃப்ட்டோடு முன் ஸ்பிரிங்கை ஒப்பிடக் கூடாது. ஸ்பிரிங் முனை கிரைண்டரால் அறுத்த மாதிரி இருந்தால் உடனே மாற்றுங்கள். அதை அப்கிரேடு என்று சொல்பவரிடம் டீ கூட வாங்கிக் குடிக்காதீர்கள்.

டீசல்மாமா:
தம்பி, லோயரிங் ஸ்பிரிங் போட்டால் வண்டி இறங்கத்தான் செய்யும். உங்களுடையது தூக்கலாக நிற்கிறது. பின் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே வண்டியைத் தூக்கிவைக்க ரப்பர் பஃபர் செருகியிருக்கிறதா பாருங்கள். சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்தும் போடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் சைஸ் குழப்பும்.

சாலைப்பித்தன்:
மாமா சொன்னதேதான்! இரண்டு பின் ஸ்பிரிங்கிலும் பஃபர். ஷாக்கைச் சுரண்டினால் உள்ளே கறுப்பு, துடைத்ததும் வண்டியோடு வரும் சாதாரண கம்பெனி எண். பஃபரைக் கழற்றியதும் தூக்கிப் போடுவது பெருமளவு குறைந்தது. ஆனால் இடது ஷாக்கில் ஆயில் கசிவு தெரிகிறது.

கிரீஸ்கை:
கசிந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். ஸ்விஃப்ட்டில் பின் ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி என்பதால் வேலை சுலபம். முன் ஸ்ட்ரட்டை (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்தது) பிரிக்க ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் வேண்டும், அதை வீட்டில் முயற்சிக்காதீர்கள்.

சாலைப்பித்தன்:
பஃபரைத் திரும்பப் போடலாமா?

டீசல்மாமா:
எப்போதும் ஐந்து பேரும் லக்கேஜுமாகப் போகிறவர் என்றால் யோசிக்கலாம். மற்றபடி வேண்டாம். பஃபர் இருக்கும் சுற்று வேலை செய்யாது, பாரமெல்லாம் மற்ற சுற்றுகளில் விழும். முதலில் ஷாக்கை மாற்றி ஓட்டிப் பாருங்கள்.