கலைச்சொல் தேவை: 'ஹோம் ரன்', 'ஸ்லக்கர்', 'அவுட்ஃபீல்டர்'

மடல் 1: கா. (மொழிபெயர்ப்பாளர்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பள்ளி நூலகங்களுக்கென வெளிவரும் விளையாட்டு வீரர் வரிசையில் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஹாங்க் ஆரனின் வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வரும் திங்கட்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஆட்டத்தின் பெயர் 'பேஸ்பால்' என்றே இருக்கட்டும் எனப் பதிப்பாளர் முடிவு செய்துவிட்டார். ஆகவே 'அடிபந்தாட்டம்' குறித்த பழைய வழக்கை யாரும் மறுபடி எடுக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். 'பேஸ்' என்பதற்குத் 'தளம்' என்றும், அடிப்பவருக்கு 'மட்டையாளர்' என்றும் வைத்துக்கொண்டேன்.

முதல் பத்தியிலேயே இடறுகிறது. 1934இல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்த ஆரன், 1954 முதல் 1976 வரை மில்வாக்கி, அட்லாண்டா, திரும்பவும் மில்வாக்கி என ஆடி 755 'ஹோம் ரன்' (பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டு எல்லாத் தளங்களையும் சுற்றி வருதல்) அடித்த 'ஸ்லக்கர்' (ஓங்கி அடிப்பவர்). களத்தில் அவர் பெரும்பாலும் நின்றது வலப்பக்க 'அவுட்ஃபீல்டர்' (தளங்களுக்கு அப்பால் நின்று பந்தைத் தடுப்பவர்) இடத்தில். இந்த மூன்று சொற்களும் எட்டாம் வகுப்பு மாணவருக்குப் படித்த மாத்திரத்தில் விளங்க வேண்டும்; ஆசிரியர் கரும்பலகையில் கூசாமல் எழுதவும் வேண்டும்.

மடல் 2: புலவர் மு.

'ஹோம்' என்றதும் வீட்டைத் தேடி ஓடி, 'வீட்டோட்டம்' என்று எழுதிவிடாதீர்கள். கடன்காரனுக்கு அஞ்சி வீட்டுக்கு ஓடியவன் கதையென்று மாணவர் நினைப்பார். மட்டையாளரின் காலருகே தரையில் பதித்திருப்பது 17 அங்குல அகலமுள்ள ஐங்கோணப் பலகை என அறிகிறேன். தாழப் பரப்பிய பலகைக்குத் தமிழில் 'மணை' என்ற சொல் இருக்கிறது. மணமக்களை அமர்த்துவது மணையில்தான். மணையில் புறப்பட்டு மணையில் முடியும் ஓட்டம் 'மணையோட்டம்'. மன் என்னும் வேருக்கு நிலைபெறுதல் என்பது பொருள். மன்னன், மன்றம், மனை ஆகியவை அதன் கிளைகள். மணையும் அவ்வேரினதே என்பது என் நெடுநாளைய துணிபு. மனையும் மணையும் உடன்பிறப்புகள் என்று கொண்டால் ஆங்கிலச் சொல்லின் வீடும் தமிழ்ச் சொல்லின் பலகையும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

ஓங்கி அடிப்பவர் 'வல்லடியாளர்'. புறத்தே நிற்பவர் 'புறக்களக் காவலர்'.

மடல் 3: செ. (அட்லாண்டா)

புலவர் ஐயாவுக்கு வணக்கம். மணை எனக்குப் பிடித்திருக்கிறது. 'வல்லடியாளர்' என்பதை மட்டும் வன்மையாக மறுக்கிறேன். 'வல்லடி வழக்கு' என்று நாம் எதைச் சொல்கிறோம்? நியாயமில்லாமல் மல்லுக்கு நிற்பதை அல்லவா? ஆரனோ தம் வாழ்நாளில் வல்லடிக்கு ஆளானவர். முந்தைய தலைமுறை ஆட்டக்காரர் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் என்ற சாதனையை 1973இல் அவர் நெருங்கியபோது, கறுப்பினத்தவர் ஒருவர் அதைக் கடக்கக் கூடாதென்று கொலைமிரட்டல் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. காவலர் துணையின்றி நடமாட முடியாத நிலை. அப்படிப்பட்டவருக்கு நாம் 'வல்லடியாளர்' என்று பட்டம் சூட்டுவது தகாது.

சொல்லின் அடிப்படையும் அவருக்குப் பொருந்தவில்லை. ஆரன் மலைபோன்ற உடம்புக்காரர் அல்லர். ஆறடி உயரம், எண்பது கிலோவை ஒட்டிய எடை. அவருடைய வலுவெல்லாம் மணிக்கட்டில் இருந்தது. பந்து தம்மைத் தாண்டிப் போய்விடுமோ என்று பார்ப்போர் எண்ணும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் மட்டையைச் சொடுக்குவார். சிறுவயதில் மட்டையை அவர் பிடித்த விதமே தலைகீழ்: வலக்கை ஆட்டக்காரர் வலக்கையை மேலே வைக்க வேண்டும், இவர் இடக்கையை மேலே வைத்துப் பிடித்தார். 1952இல் கறுப்பினத்தவர் அணியான இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸில் சேர்ந்தபோதும் அப்படித்தான் அடித்தார். ஒரு பருவத்தில்கூட அவர் 50 ஹோம் ரன் எடுத்ததில்லை. உச்சம் 1971இல் எடுத்த 47. ஆனால் 1955 முதல் 1974 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து, எந்தப் பருவத்திலும் 20க்குக் குறையவில்லை. முரட்டு அடியைச் சுட்டும் சொல் எதுவும் இந்த ஆட்டக்காரரைத் தவறாகக் காட்டும்.

ஹோம் ரன்னுக்கு 'ஓட்டம்' வேண்டாம். வேலியைத் தாண்டிய பிறகு யாரும் ஓடுவதில்லை, மெல்ல நடையும் ஓட்டமுமாகச் சுற்றி வருகிறார்கள். 'முழுவலம்' எனலாம்.

மடல் 4: புலவர் மு.

வல்லடியை மீட்டுக்கொள்கிறேன். 'பேரடியாளர்' என்று கொள்க.

ஆனால் 'முழுவலம்' எப்படிச் சரியாகும்? மணையிலிருந்து முதல் தளம் மட்டையாளருக்கு வலப்பக்கம். அங்கிருந்து இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி வருகிறார்கள். திடல் எப்போதும் அவர்களுக்கு இடக்கைப் பக்கம் இருக்கிறது. வலம் வருதலில் தெய்வம் நம் வலக்கைப் பக்கம் இருக்கும். நீங்கள் சொல்வது வலமன்று, இடம் வருதல். கோயிலில் அவ்வாறு சுற்றுபவரைப் பூசாரியே தடுப்பார்.

மடல் 5: ந. (யாழ்ப்பாணம்)

புலவர் அவர்கட்கு வணக்கம். நகர்வலம் போகும் அரசியல்வாதி எந்தப் பக்கமாகத் திரும்பினார் என்று எவரும் பார்ப்பதில்லை. வழக்கில் வலம் என்றால் சுற்று, அவ்வளவே. மன், மனை, மணை என்று வேரைத் தோண்டிக்கொண்டு போனால் திங்கட்கிழமைக்குள் நீர் காணமாட்டோம். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார்.

அவுட்ஃபீல்டருக்குப் புதுச்சொல் தேவையில்லை. எங்கள் நாட்டிலே துடுப்பாட்டம், களத்தடுப்பு, ஆட்டமிழப்பு எல்லாம் பாடசாலைப் பிள்ளைகளின் வாயிலும் வானொலி வர்ணனையிலும் புழங்கித் தேய்ந்த சொற்கள். 'களத்தடுப்பாளர்' உண்டு, முன்னால் 'வெளி' சேர்த்தால் 'வெளிக்களத்தடுப்பாளர்'. 'காவலர்' என்றால் காவல்துறை நினைவே வரும், செ. அவர்களின் மடலில் உண்மையான காவலர் வேறு வருகிறார். புறம் என்பதில் போர்வாடையும் இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஆரன் அடிப்பதற்காக மட்டும் அணியில் இருந்தவர் அல்லர். 1954இல் அவருக்கு இடம் கிடைத்ததே பொபி தோம்சன் என்ற இடப்பக்க ஆட்டக்காரருக்குப் பயிற்சிக் காலத்தில் கணுக்கால் முறிந்ததால்தான். அதற்கு முன் கீழ்நிலைத் தொடரில் அவர் இரண்டாம் தளத்தில் நின்றவர். வெளிக்களத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 1958 முதல் 1960 வரை மூன்று முறை தொடர்ந்து, சிறந்த தடுப்புக்கான தங்கக் கையுறை விருதைப் பெற்றார்.

மடல் 6: வே. (நாளிதழ், விளையாட்டுப் பக்கம்)

இரவு பதிப்பு முடியும் நேரத்தில் 'வெளிக்களத்தடுப்பாளர்' என்பதை ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடைத்துப் பாருங்கள், அதன் பிறகு பேசுவோம். பொறுத்துக்கொள்ளலாம், நூலில் இடம் இருக்கிறது.

ஸ்லக்கருக்கு ஏன் இவ்வளவு தேடல்? 'சிக்ஸர் விளாசினார்' என்று எழுதாத தமிழ் நாளிதழ் உண்டா? விளாசு என்ற வினை நம்மிடம் உயிரோடு இருக்கிறது. 'விளாசல் வீரர்' என்றால் தேநீர்க் கடையில் நிற்பவருக்கும் புரியும். சிக்ஸரையும் கோலையும் அப்படியே ஏற்றுக்கொண்ட வாசகருக்கு 'ஹோம் ரன்' மட்டும் தொண்டையில் சிக்காது. என் சோதனை ஒன்றுதான்: சொல்லை வைத்து ஒரு செய்தி எழுதிப் பாருங்கள். '1974 ஏப்ரல் 8 இரவு அட்லாண்டாவில் அல் டவுனிங் வீசிய பந்தை இடப்பக்க வேலிக்கு அப்பால் அனுப்பித் தமது 715ஆம் மணையோட்டத்தை எடுத்தார்.' இதைப் படித்தவர், ஆரன் கல்யாண வீட்டிலிருந்து தப்பி ஓடினார் என்றே நினைப்பார்.

மடல் 7: புலவர் மு.

நையாண்டி ஒருபுறம் இருக்கட்டும். அதே இரவின் ஒளிப்படத்தைக் கா. எனக்கு அனுப்பியிருந்தார். இரண்டாம் தளத்தைத் தாண்டியதும் இளைஞர் இருவர் திடலுக்குள் பாய்ந்து அவர் தோளைத் தட்டிக்கொண்டே உடன் ஓடுகிறார்கள். ஐங்கோணப் பலகையருகே அணியினர் சூழ்ந்து நிற்க, அவருடைய தாயார் வந்து மகனைக் கட்டிக்கொள்கிறார். தாய் மகனை எதிர்கொள்ளும் இடத்துக்கு மணை என்ற பெயர் பொருந்தாது என்று இனி யாரும் என்னிடம் சொல்லக் கூடாது. 'விளாசல்' அடித்து நொறுக்குவதையே சுட்டும். வல்லடிக்குச் சொன்ன மறுப்பு இதற்கும் உண்டு.

மடல் 8: செ. (அட்லாண்டா)

மறுப்பு உண்டுதான், ஆனால் அளவில் குறைவு. சிறுபிள்ளை நன்றாக அடித்தாலும் விளாசினான் என்கிறோம், அதில் பகையில்லை.

நூலின் பின்னிணைப்பில் வரும் புள்ளிவிவரத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். 'ஸ்லக்கிங்' கணக்கை 'விளாசல் விழுக்காடு' என்று பெயர்த்தால் கணித ஆசிரியர் சினங்கொள்வார். ஆங்கிலப் பெயரில் விழுக்காடு இருந்தாலும் கணக்கில் இல்லை. அது ஒரு மட்டைவாய்ப்புக்குச் சராசரியாக எத்தனை தளங்கள் கிடைத்தன என்பதே. ஓரடி அடிக்கு 1, ஈரடிக்கு 2, மூவடிக்கு 3, ஹோம் ரன்னுக்கு 4 என்று கூட்டி வாய்ப்புகளால் வகுக்க வேண்டும். இங்கே 'அடி' என்பது தளத்தைத்தான் குறிக்கிறது என நூலில் விளக்குங்கள். ஆரனுக்கு 2,294 ஓரடி, 624 ஈரடி, 98 மூவடி, 755 ஹோம் ரன். கூட்டினால் 6,856 தளங்கள். இன்றுவரை இதுவே எவரும் தொடாத உச்சம். வாய்ப்புகள் 12,364. வகுத்தால் 0.555. எப்போதும் ஹோம் ரன்னே அடிப்பவர் ஒருவர் இருந்தால் அவருக்கு 4.000 வரும், நானூறு விழுக்காடு என்று அதை எழுத முடியுமா? 'தள விகிதம்' என்பதே போதும்.

ஸ்லக்கர் என்ற பட்டமே ஆரனுக்குப் பாதிதான் பொருந்துகிறது என்பதற்கும் இந்த எண்கள் சான்று. 755 ஹோம் ரன்களையும் நீக்கிவிட்டாலும் அவருக்கு 3,016 வெற்றியடிகள் மிஞ்சுகின்றன. 3,000 என்பதே தனிச் சாதனையாகப் போற்றப்படும் எல்லை. 2007இல் பாரி பாண்ட்ஸ் 755ஐக் கடந்துவிட்டார். 6,856ஐ அவராலும் எட்ட முடியவில்லை. ஆகவே நூலில் 'விளாசல் வீரர்' என்பதை ஓரிடத்தில் மட்டும் வைத்துவிட்டு, மற்ற இடங்களில் அவர் என்ன செய்தார் என்பதை வினையாகவே எழுதுங்கள்.

மடல் 9: கா.

அனைவருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இருமுறை அழைப்பு வந்துவிட்டதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 'ஹோம் ரன்' அப்படியே நிற்கும்; முதல் முறை வரும்போது மட்டும் இரண்டு வரி விளக்கம். ஐங்கோணப் பலகை 'மணை'. 'வெளிக்களத்தடுப்பாளர்', 'தள விகிதம்' ஆகிய இரண்டையும் ஏற்கிறேன். 'விளாசல் வீரர்' அட்டைக் குறிப்பில் ஒரு முறை வரும். இவற்றில் எதுவும் ஒருமனதான முடிவு அன்று. மறுப்பெழுத யாருக்கும் நேரமில்லை என்பதால் நிற்பவை.

மடல் 10: புலவர் மு.

மணையை ஏற்று மணையோட்டத்தை மறுப்பது, எழுவாயை வைத்துக்கொண்டு பயனிலையை வெட்டுவதாகும். சொற்பட்டியலின் அடிக்குறிப்பில் என் மாற்றுக் கருத்தைப் பதிந்துவைக்குமாறு வேண்டுகிறேன். மறுபதிப்பில் மீண்டும் எழுப்புவேன்.

மடல் 11: கா.

பதிந்துவிட்டேன் ஐயா. ஐந்தாம் அதிகாரத்தில் ஆரன் 240 முறை 'தளம் திருடினார்' என்று வருகிறது. பந்து வீசப்படும் வேளையில் அடுத்த தளத்துக்கு விரைந்துவிடும் அந்தத் திறனுக்குப் பள்ளி நூலில் திருட்டு என்று எழுதப் பதிப்பாளர் தயங்குகிறார். தனி இழை தொடங்குகிறேன். இன்று மாலைக்குள் விடை வேண்டும்.