கார் ஓட்டப் பயிற்சி நாள்: ரொயோட்டா 86க்கு எந்த ரயர்?

நல்லூர் கியர்:

வணக்கம். கார் ரொயோட்டா 86, 2014 ஜீ.ரி., மனுவல் கியர். ரயர் 215/45 ஆர் 17 (அகலம் 215 மி.மீ., பக்க உயரம் அதிலை 45 வீதம், றிம் விட்டம் 17 அங்குலம்), றிம் அகலம் 7 அங்குலம், அளவு கொம்பனியாலை வந்தபடியே கிடக்கு. ஜூன் மாசம் களுத்துறைக் கட்டுக்குருந்தையிலை ஒருநாள் ஓட்டப் பயிற்சி. காலமை கோன் வைச்சு ஸ்லாலம் (கோனுகளுக்கு இடையாலை வளைஞ்சு வளைஞ்சு ஓடுறது), 80 இலை இருந்து அவசர பிறேக், திடீரெண்டு லேன் மாத்திறது. பின்னேரம் தண்ணி விட்ட தளத்திலை சறுக்கல் பழக்கிறது, கடைசியா சேர்க்கிட்டிலை கொஞ்ச ரவுண்ட். யாழ்ப்பாணத்திலை இருந்து அந்த ரயரோடையே ஓடிப் போய்த் திரும்ப வேணும், போக மட்டும் 400 கிலோமீற்றருக்கு மேலை.

இப்ப கிடக்கிறது 2017 இலை செய்த ரயர், தவாளிப்பு (ரப்பரிலை வெட்டின பள்ளம்) இன்னும் 4 மி.மீ. இருக்கு. புதுசு எடுக்கிறதெண்டால் செமி ஸ்லிக் (சேர்க்கிட் ஓட்டத்துக்கெண்டு செய்த, தவாளிப்புக் குறைஞ்ச ரயர்) எடுக்கலாமோ? 225 போட்டால் பிடி கூடுமோ?

அஞ்சு நட்டு:

4 மி.மீ. ஆழம் பிரச்சினையில்லை. ரப்பரின்ரை வயசுதான் பிரச்சினை. எங்கடை வெய்யிலிலை நிண்ட ரயர் ஆறேழு வருசத்திலை இறுகிப்போகும். காய்ஞ்ச றோட்டிலை வித்தியாசம் பெரிசாத் தெரியாது, ஈரத்திலை பிறேக் அடிக்கேக்கைதான் தெரியும். நீங்கள் போறதே தண்ணி விட்ட தளத்துக்கு. மாத்துங்கோ.

அடுத்தது, ஜூன் எண்டுறியள். இஞ்சை அப்ப சோளகக் காத்து அடிச்சுத் தூசி பறக்கும், மழையின்ரை நினைவே வராது. களுத்துறைப் பக்கம் அது தென்மேல் பருவமழைக் காலம். காலமை தொடக்கம் பின்னேரம் வரை முழு நாளும் ஈரமாப் போகலாம். அதாலை ரயர் தெரிஞ்செடுக்கேக்கை ஈரப்பிடியைத்தான் முதல்ல பாருங்கோ.

செமி ஸ்லிக் வேண்டாம். ரொயோ ஆர்888ஆர் மாதிரி ரயருக்குச் சூடு ஏறினால்தான் பிடி வரும். ஸ்லாலம் ஓட்டம் ஒண்டு அரை நிமிசம், பிறகு பத்து நிமிசம் வரிசையிலை நிக்க வேணும். அதுக்குள்ளை ரயர் சூடாகவே மாட்டுது. ஆழமில்லாத தவாளிப்பு தண்ணியை வெளியிலை தள்ளாது, தேங்கின தண்ணியிலை கார் மிதக்கும். இதையெல்லாம் விடப் பெரிய காரணம் பழகிறவருக்கு: பிடி கூடின ரயர் கன வேகம் வரைக்கும் சத்தமில்லாமல் நிண்டிட்டு, விடேக்கை ஒரேயடியா விட்டிடும். சாதாரண ரயர் முதலிலை கீச்சிடும், பிறகு ஸ்ரியறிங் இலேசாகும், அதுக்குப் பிறகுதான் வழுக்கும். பயிற்சியிலை உங்களுக்குக் கேக்க வேண்டியது அந்தக் கீச்சுத்தான். ரொயோட்டாவே இந்தக் காருக்கு பிறியஸ் காருக்குப் போட்ட மிஷ்லான் பிறைமசி எச்.பி.யைத் தெரிஞ்செடுத்தது, குறைஞ்ச வேகத்திலையே பின்பக்கம் அசையட்டும் எண்டுதான்.

நான் போடச் சொல்லுறது மிஷ்லான் பைலட் ஸ்போர்ட் 4 இல்லாட்டி 5, 215/45 ஆர் 17, 91 வை. 91 எண்டால் ஒரு ரயர் 615 கிலோ தாங்கும், வை எண்டால் 300 கி.மீ. வேகம். கொம்பனி அளவு 87 டபிள்யூ (545 கிலோ, 270 கி.மீ.), அதை விடக் குறைஞ்சதை மட்டும் வாங்காதேங்கோ. அது கிடைக்காட்டி யோகோஹாமா அட்வான் ஃப்ளீவா பாருங்கோ. நாலும் ஒரே மாடல், ஒரே வயசு. காசு இரண்டுக்குத்தான் காணும் எண்டால் புது இரண்டும் பின்னுக்கு. முன்னுக்குப் போட்டால் ஈரத்திலை பின்பக்கம் முதல்ல விடும்.

225/45 இன்ரை விட்டம் 634 மி.மீ., 215/45 க்கு 625. ஒண்டரை வீதத்துக்குக் கிட்ட உயரம் கூடும், கியரும் அந்தளவுக்கு இழுபடும். 7 அங்குல றிம் 225/45 க்குக் கடைசி எல்லை. சைட்வோல் (ரயரின்ரை பக்கச் சுவர்) உள்ளுக்கு ஒடுங்கி நிக்கும், ஸ்ரியறிங்கைத் திருப்பினால் ஒரு கணம் கழிச்சுத்தான் மூக்குத் திரும்பும். ஸ்லாலத்துக்கு அதைப்போலக் கேடு வேறை இல்லை. 215 ஓடை நில்லுங்கோ.

வல்லை வளைவு:

அண்ணை சொன்னதிலை ஒரு திருத்தம். செமி ஸ்லிக்கையும் 200 ரிறெட்வெயார் (ரயரிலை அடிச்சிருக்கிற தேய்மான இலக்கம்) ரயரையும் ஒரே சாக்கிலை போட வேண்டாம். ஆர்888ஆர் 100. அட்வான் நியோவா ஏடி09, பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ் இரண்டும் 200, றோட்டுக்கெண்டே செய்தது, ஈரத்திலையும் ஓடலாம். பைலட் ஸ்போர்ட் 4 இலை 320 எண்டு அடிச்சிருக்கும். ஆனா அந்த இலக்கத்தை ஒவ்வொரு கொம்பனியும் தானே போடுறது, பிடியை அளந்து போட்டதில்லை. இரண்டு கொம்பனியின்ரை இலக்கத்தை நேருக்கு நேர் ஒப்பிட்டால் ஏமாறுவியள்.

முழு நாளும் சேர்க்கிட் ஓட்டம் எண்டால் நான் ஏடி09 எண்டுதான் சொல்லுவன். இந்த நிகழ்ச்சி நிரலுக்கும் ஏ9 றோட்டுக்கும் பைலட் ஸ்போர்ட் சரி.

நல்லூர் கியர்:

அப்ப பைலட் ஸ்போர்ட் 5, 215. புதுசை எப்ப பூட்ட வேணும்? முதல் நாள் காணுமோ? காத்து எவ்வளவு அடிக்கிறது?

காத்துக் கணக்கு:

முதல் நாள் பூட்டாதேங்கோ. அச்சிலை இருந்து எடுக்க ரயரிலை பூசினது தேய்ஞ்சு போக 300 கி.மீ. வரை சாதாரணமா ஓட வேணும். ஏ9 பயணம் அதுக்குக் காணும்தான், ஆனா சில்லு பலன்ஸ் பிழைச்சிருந்தால் ஆனையிறவு தாண்டேக்கை ஸ்ரியறிங் நடுங்கும், அதுக்குப் பிறகு திரும்பி வரவா போறியள்? இரண்டு கிழமைக்கு முன்னம் பூட்டி, யாழ்ப்பாணத்துக்குள்ளை ஓடிப் பாருங்கோ. இன்னொரு விசயம்: புது ரயரின்ரை தவாளிப்பு 7–8 மி.மீ., உயரமான ரப்பர் கட்டைகள் பக்கவாட்டிலை வளைஞ்சு கெதியாச் சூடாகும். முதல் ரவுண்டிலேயே முழு வேகம் ஓடினால் ஓரத்துக் கட்டை பிய்யும்.

காத்து. 86 இன்ரை கதவடி ஸ்ரிக்கரிலை 35 பி.எஸ்.ஐ. (2.4 பார்). அது ஆறின ரயருக்கு, வெய்யில் ஏற முன்னம், ஓடாமல் நிக்கேக்கை. பத்துப் பாகை சூடு ஏற ஒண்டரையிலை இருந்து இரண்டு பி.எஸ்.ஐ. கூடும். காலமை 30 பாகையிலை 35 இருந்தால், சேர்க்கிட்டிலை 60 பாகைக்கு வர 40 காட்டும். அப்ப ரயர் நடுவிலை வீங்கி, நிலத்திலை தொடுற பரப்பு குறையும்.

ஸ்லாலத்துக்கும் பிறேக் பயிற்சிக்கும் 35 ஐத் தொடாதேங்கோ. தண்ணித் தளத்துக்கும் அப்பிடியே, காத்து குறைஞ்சால் இன்னும் குறைஞ்ச வேகத்திலை மிதக்கத் தொடங்கும். இறக்கிறது சேர்க்கிட் நேரம் மட்டும். நாலு ரவுண்ட் ஓடி வந்து நிண்ட உடனை, இரண்டு நிமிசத்துக்குள்ளை அளந்து, 37 க்கு விடுங்கோ. பிந்தினால் ஆறி இறங்கிற இலக்கத்தைப் பாத்து ஏமாறுவியள். முன் இரண்டும் ஒரே அளவு, பின் இரண்டும் ஒரே அளவு. காத்து அளக்கிற கேஜ் உங்கடை சொந்தமா இருக்கட்டும், ஒவ்வொரு பெற்றோல் செட்டும் ஒவ்வொரு கணக்குக் காட்டும்.

சரியோ பிழையோ எண்டு ரயரின்ரை தோளிலை கிடக்கிற சின்ன முக்கோணக் குறி சொல்லும். குறிக்குக் குறுக்கை சோக்காலை ஒரு கோடு கீறிட்டு ஓடுங்கோ. முக்கோணத்தின்ரை முனை வரை அழிஞ்சால் அளவு சரி, முனை தாண்டி சைட்வோலிலையும் அழிஞ்சால் காத்துக் காணாது. 86 க்கு முன் கம்பர் (சில்லின்ரை சாய்வு) கிட்டத்தட்டப் பூச்சியம், அதாலை முன் ரயர் எப்பிடியும் வெளித்தோளிலைதான் கூடத் தேயும், பயப்பிட வேண்டாம்.

பின்னேரம் வெளிக்கிட முன்னம் ரயர் ஆற விட்டு அளவுங்கோ. சூட்டிலை 37 க்கு விட்ட ரயர் ஆற 32 அளவிலை நிக்கும். அப்பிடியே வவுனியா தாண்டி வந்தால் சைட்வோல் மடிஞ்சு மடிஞ்சு உள்ளுக்குச் சூடேறிப் பிரியும். திரும்ப 35 அடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ. நைட்ரஜன் கட்டாயமில்லை. ஈரமில்லாத காத்து எண்டதுதான் அதின்ரை நன்மை, சூட்டுக்கு ஏறுறது கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

கடைப்பக்கம்:

வாங்கேக்கை சைட்வோலிலை டொட் (DOT) எண்ட குறிக்குப் பின்னாலை வாற நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 2324 எண்டால் 2024 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமை. நாலு ரயரிலையும் பாருங்கோ, சில ரயரிலை முழு இலக்கம் ஒரு பக்கம்தான் இருக்கும். அவுட்சைட் எண்டு எழுதின பக்கம் வெளியிலை வர வேணும். மாறிப் பூட்டினாலும் கார் ஓடும், ஈரத்திலைதான் பிழை தெரியும்.

நட்டு விசயம் கவனம். 86 இன்ரை சில்லு சுபாருவின்ரை அளவு: 5 நட்டு, 100 மி.மீ. வட்டம், மரை 12 மி.மீ., புரி இடைவெளி 1.25. மற்ற ரொயோட்டாக்களுக்கு 1.5. பெட்டியிலை கிடக்கிற ரொயோட்டா நட்டை ஆராவது எயார் கன்னாலை ஏத்தினால் மரை போச்சு. நட்டைக் கையாலை மூண்டு நாலு சுத்து விட்டிட்டு, ரோர்க் றென்ச்சாலை 120 நியூட்டன் மீற்றர்.

நல்லூர் கியர்:

நன்றி அண்ணைமார். பின் வலது ரயரிலை கருவேல முள்ளு ஏறிப் பிளக் போட்டிருக்கு, எப்பிடியும் அதுவும் போகுது. பிளக் போட்ட ரயரை இப்பிடி நாளுக்குப் பாவிக்கலாமோ? பிறகு தெரிஞ்சு வைக்கக் கேக்கிறன்.

அஞ்சு நட்டு:

நடுப்பகுதியிலை, 6 மி.மீ.க்குச் சின்ன ஓட்டை, ரயரைக் கழட்டி உள்ளுக்காலை காளான் பட்ச் ஒட்டினதெண்டால் பாவிக்கலாம். வெளியிலை இருந்து குத்தின கயிறு பிளக் எண்டால் றோட்டுக்கு மட்டும். தோளிலை ஓட்டை எண்டால் இரண்டுக்கும் வேண்டாம்.

ஹான்ட் பிறேக் போட்டுத் திருப்பிற பயிற்சி இருக்கோ எண்டும் கேட்டு வையுங்கோ. அதைத் தண்ணித் தளத்திலை மட்டும் செய்யுங்கோ, காய்ஞ்ச தளத்திலை சில்லு பூட்டுப்பட்டு இழுபட்டால் பின் ரயரிலை ஒரு இடம் தட்டையாத் தேயும். பிறகு யாழ்ப்பாணம் வரைக்கும் அது தட்டிக்கொண்டே வரும். நட்டை மத்தியானச் சாப்பாட்டு நேரம், றிம் ஆறின பிறகு, ஒருக்காச் சரிபாருங்கோ. சூட்டோடை இறுக்காதேங்கோ.